இன்சுலினுக்கு அடியில் பச்சைக் கோடு

அந்தக் கோட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. சோற்றுப் பானைக்குள் பல்லி கிடந்ததைப் பார்த்த மாதிரி.

மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். ஊருக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினால்தான் செல்போன் உயிர் பெறும். ஜீப் ஓட்டுகிற என் வீட்டுக்காரர், பள்ளியில் எனக்குக் கொடுத்த அரசு லேப்டாப்பை அந்த மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், படங்களை இறக்கி எடுத்து வருவார். வீட்டில் உட்கார்ந்து பார்ப்போம். படம் சுலபமாக இறங்குமென்று பிரவுசரில் இலவசமாகக் கிடைத்த, எக்ஸ்டென்ஷன் என்கிற ஏதோ ஒரு ஒட்டுச் சாமானைச் சேர்த்தார். அன்றிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நடுநடுவே சில சொற்களுக்கு அடியில் பச்சைக் கோடு. அதை அழுத்தினால் கடன் தருகிறேன் என்பான், முடி வளர எண்ணெய் என்பான்.

"இன்னாங்க இது, கருமம்?" என்றேன்.

"ஓசில குடுக்கிறான்ல. நாலு விளம்பரம் வந்துட்டுப் போவட்டும் வுடு," என்றார். தொலையட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

என் அண்ணன் அடுத்த வீடு. சாமை விதைக்கிறவர். கொல்லையில் காட்டுப்பன்றி புகுந்தால் வெறும் கம்போடு ஓடுகிற ஆள், ஊசியைக் கண்டால் மட்டும் முகம் வெளுத்துப்போவார். அவருக்குச் சர்க்கரை. மாத்திரைக்கு அடங்காமல் ஏறியதும் கீழே பெரியாஸ்பத்திரி டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்தார். தினமும் தானே போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வேளையும் பல்லைக் கடித்துக்கொண்டு, மூலையைப் பார்த்துத் திரும்பி நின்று போட்டுக்கொள்வார்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. மருந்துச் சீட்டு முழுவதையும் எல்லோராலும் படித்துவிட முடியாதென்று, சுகாதார நர்ஸம்மா கட்டாயம் செய்ய வேண்டியதற்கு அடியில் பச்சைப் பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பார். "கோடு போட்டத மட்டும் வுட்ராதீங்க," என்பார். எங்களுக்கு அது வேதவாக்கு. மற்றதை மறந்தாலும் கோடு போட்டதை யாரும் மறக்கமாட்டோம்.

பெரியாஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் சர்க்கரை நோயைப் பற்றித் தமிழில் நன்றாக எழுதியிருந்தார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எப்படி வைப்பது, பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்றெல்லாம். அண்ணனை மேட்டுக்குக் கூட்டிப்போய் எங்கள் லேப்டாப்பில் அதைத் திறந்து கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்ததும், புளி உலுக்க ஆட்கள் வந்துவிட்டார்களென்று நான் கிளம்பிவிட்டேன்.

இன்சுலின் என்று வந்த இடத்திலெல்லாம் பச்சைக் கோடு இருந்திருக்கிறது. அண்ணன் அதை அழுத்தியிருக்கிறார். வெள்ளை அங்கி போட்டுக் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒருவன் சிரித்துக்கொண்டு, ஊசியே வேண்டாம், எங்கள் மூலிகைப் பவுடர் போதும் என்று சொல்லியிருக்கிறான். அங்கேயே நின்று அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார் அண்ணன். பார்சல் மலையேறியது என் வீட்டுக்காரர் ஜீப்பில்தான். "இன்னா மச்சான் இது?" என்று கேட்டதற்கு, "ஆஸ்பத்திரி மருந்து மாப்ளே," என்று சந்தோஷமாக வாங்கிப் போனாராம். ஊசியை விட்டுவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். பிறகு வாந்தி. ஒரு நாள் காலையில் மூச்சு இரைக்க இரைக்கச் சுருண்டு கிடந்தார். வாயிலிருந்து அழுகின பலாப்பழ வாடை. ஜீப்பில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினோம். வழியெல்லாம் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஐயோ போய்விடுவாரோ, போய்விடுவாரோ என்று நான் செத்துப் பிழைத்தேன்.

பிழைத்துக்கொண்டார். கண் திறந்து பேச ஆரம்பித்ததும் டாக்டர் சத்தம் போட்டார். "இன்சுலினை நிறுத்தச் சொன்னது யாருங்க?"

அண்ணன் கைகூப்பினார். "நீங்கதான் சார் சொன்னீங்க. உங்க ஆஸ்பத்திரி பக்கத்துல பச்சக் கோடு போட்டு இருந்துச்சே."

டாக்டர் தன் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். அதே எழுத்து, அதே படம். கோடு மட்டும் இல்லை. ஒன்றுகூட இல்லை. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கோடு எங்கள் லேப்டாப்பிலேயே குடியிருந்து, போகிற வருகிற பக்கத்திலெல்லாம் கை வைத்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஊரிலே சந்தையில் நின்று கூவி விற்கிற மோசடிக்காரனுக்காவது ஒரு முகம் இருக்கும். இவன் டாக்டர் எழுதியதற்குள்ளேயே புகுந்து, டாக்டர் சொன்ன மாதிரியே விற்கிறான். சீ! இதையும் ஒரு பிழைப்பென்று உட்கார்ந்து செய்கிறார்களே. வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர் முதல் வேலையாக அந்த எக்ஸ்டென்ஷனைப் பிடுங்கி எறிந்தார். நான் அவரோடு சரியாகப் பேசவே பல நாளானது.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அண்ணனின் போன் அடித்தது. நான் எடுத்தேன். தேன் ஒழுகுகிற ஒரு பெண் குரல்.

"சார், நம்ம பவுடர் நல்லா வேலை செய்யுதுங்களா? அடுத்த டப்பா அனுப்பிடட்டுங்களா?"

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். உங்களால் என் அண்ணன் சாகக் கிடந்தார், இப்போது படுக்கையில் கிடக்கிறார், நீங்களெல்லாம் சோறுதான் தின்கிறீர்களா என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "அப்படிங்களா மேடம்? பெட்ல இருக்காருன்னா உடம்பு ரொம்ப வீக்கா இருக்குமே. அதுக்குன்னே நம்மகிட்ட ஒரு லேகியம் இருக்குங்க."

அருவருப்போடு போனைக் காதிலிருந்து எடுத்தேன். அந்த நேரம் பார்த்து இன்சுலின் போட நர்ஸ் கட்டிலருகே வந்தார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, என் கையிலிருந்த போனையே பார்த்தார்.

"இன்னாம்மா சொல்றாங்க?" என்றார். "இதுக்கு ஊசி வேணாமாமா?"