என் சர்டிபிகேட்டும் எதிர்க்கடை லாரன்ஸும்

தையல் தொழிலில் ஒரு தீராத கஷ்டம்: கடைப்படி ஏறுகிற ஒவ்வொரு ஆளும் அவரவர் வேலையில் கெட்டிக்காரராக இருப்பார், அவரை அளந்து முடிப்பதற்குள் நமக்கு வயிறு எரிந்துவிடும். உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர், பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் என்று யாராவது இருப்பார். இதை வாசிக்கும்போது அந்த முகத்தை நினைத்துக்கொண்டால் எனக்கும் ஒரு துணை கிடைக்கும்.

பெல்பாட்டம்

நான் பக்கத்து ஊரான நாசரேத்தின் தொழிற்பள்ளியில் முறையாகத் தையல் படித்தவன். சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு, தூத்துக்குடியில் மட்டக்கடை என்கிற பகுதியில் இருந்த என் கடைக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படும்படி மாட்டியிருந்தேன். எழுபதுகளில், புதுத் துறைமுகம் வந்த சமயம் அது. யூனிபாரம், பேண்ட், கோட்டு என்று வேலைக்குக் குறைவில்லை. அப்போதுதான் லாரன்ஸ் பம்பாயிலிருந்து வந்து எனக்கு நேர் எதிரே கடை போட்டான். அவனிடம் சர்டிபிகேட் கிடையாது. அதை மாட்டுகிற இடத்தில் ஓர் ஆளுயர நிலைக்கண்ணாடி வைத்திருந்தான். சீக்கிரமே அங்கே உட்கார இடமில்லாமல், ஆட்கள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

என் மனைவி எஸ்தரின் தம்பி ஞானராஜுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். ஈஸ்டர் கழிந்து அவனுக்குக் கல்யாணம். கோட்டுக்கென்று காயல்பட்டினத்துச் சிநேகிதன் ஒருவன் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கருநீலத் துணி எங்கள் பீரோவில் இருந்தது. அது என் கத்தரிக்கு வருமா, எதிரே போகுமா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. சொந்த மச்சினன் கல்யாணக் கோட்டு எதிர்க்கடையில் தைத்தால், நான் கடையைத் திறந்து வைத்து என்ன பிரயோஜனம்?

ஒரு நாள் அவனைக் கடைக்குக் கூப்பிட்டு, சர்டிபிகேட்டின் அருமையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னது: "எல்லாம் சரி அத்தான், இதுல பெல்பாட்டம் போட்டிருக்கா?"

வாத்தியார் போட்ட மார்க்கு

கணக்கு வாத்தியார் ஒருவர் என் பழைய வாடிக்கை. நான் தைத்த பேண்டை உள்பக்கம் திருப்பி, பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல் தையல் தையலாகப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரன் என்றால் தப்பு விடாதவன். அந்த வகையில் நானும் கெட்டிக்காரன்தான். அன்றைக்கு எவ்வளவு தேடியும் அவருக்கு ஒரு தப்பும் அகப்படவில்லை. "பாஸ் போட்டுரலாம்" என்று மடித்து வைத்தார். அவ்வளவுதான்.

அவர் போட்டிருந்த சட்டையோ லாரன்ஸ் தைத்தது. காலரில் ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. நான் விடுவேனா? இஞ்சு டேப்பை வைத்து அளந்தே காட்டினேன். வாத்தியார் என் கடைச் சுவரில் இருந்த சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்தார். காலரைத் தடவினார். அப்படியே ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் தைத்த எந்தத் துணியும் வாங்கியதில்லை.

"தப்பு இருக்கத்தான் செய்யுது சாமுவேல். ஆனா நூத்துக்கு நூறு போடத்தான கை வருது, அதுக்கு என்ன செய்ய?"

பைலட்டின் வெள்ளைச் சட்டை

கடலில் நிற்கும் கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கிற பைலட் ஒருவர் யூனிபாரம் தைக்க வந்தார். இவ்வளவு பெரிய கப்பல் இவர் வாய்ச்சொல்லுக்குத் திரும்பும் என்று நினைத்தபோதே எனக்குப் பொறாமை. என் மெஷின்கூட என் பேச்சைக் கேட்காது. "உங்க தொழில்ல கெட்டிக்காரர்னா யாரு சார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் நடக்காமப் பாத்துக்கிறவன்தான். நான் சரியா வேலை செஞ்சா ஒருத்தருக்கும் என் பேர் தெரியாது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் கதையும் அதுதானே? தையல் பிரியாத பேண்டைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அந்த ஆறுதலை ஒரு நிமிஷமாவது அனுபவிக்க விட்டிருக்கலாம். அவர் தெருவை எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"ஆமா, எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்களே லாரன்ஸ், லாரன்ஸ்னு, அந்தக் கடை இதுதானா?"

மூச்சு

கடலில் முங்கிச் சங்கு எடுக்கிற அந்தோணி, மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் போட ஒரு சட்டை வேண்டும் என்று வந்தார். மார்பில் டேப்பைச் சுற்றி, நான் படித்தபடியே, "மூச்சை இழுத்து நில்லுங்க" என்றேன். இழுத்தார். நான் அளவைக் குறித்தேன். தோளை அளந்தேன். சாக்குக்கட்டியைக் காணோம் என்று மேஜைக்கு அடியில் தேடி எடுத்தேன். நிமிர்ந்தால், மனிதர் இன்னும் மூச்சை விடவில்லை! இரண்டு மாடி ஏறினால் இளைக்கிற எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க ஆற்றாமை. ஆனால் மூச்சை இழுத்து விரிந்த அந்த நெஞ்சளவுக்குத்தான் சட்டையும் தைத்துவிட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுக்குள்ள நானும் எங்கண்ணனும் சேந்தே முங்கலாம்" என்றார்.

நேரே எதிர்க்கடைக்குப் போனார். நான் எட்டிப் பார்த்தேன். லாரன்ஸ், கடலடியில் சங்கு கிடக்கிற இடம் எப்படி இருக்கும் என்று கேட்டான். அந்தோணி இரண்டு கையையும் விரித்துக் கதை சொன்னார். அந்தப் பேச்சுக்கு நடுவே டேப் அவரைச் சுற்றி வந்துவிட்டது. நாலு நாள் கழித்து அவன் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு என்னிடமே காட்ட வந்தார், பாவி மனிதர்.

"இங்கன அளவெடுத்தப்ப முங்கி எந்திரிச்ச மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி. அங்கன எடுத்ததே எனக்குத் தெரியல."

பின்வாசல்

ஞானராஜை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே கோட்டுக்கு அளந்தேன். போலீஸ் பரேடு போல விறைப்பாக நின்றான். அளவெடுத்த கையோடு துணியை வெட்டாமல் விட்டது என் புத்திகெட்ட வேலை. நான் தைத்த பேண்ட் எல்லாம் இடுப்பில் பிடிக்கிறது என்று அக்காவிடம் முனங்கிக்கொண்டே இருந்தவன், மறுவாரமே துணியைத் தூக்கிக்கொண்டு எதிரே போய்விட்டான். வெறும் பீரோவைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எஸ்தர், "சின்னப்பய ஆசைப்படுதான், விடுங்க" என்று முடித்துவிட்டாள்.

சில நாள் கழித்து, மத்தியானம் கடையை அரைக்கதவு சாத்தியிருந்தபோது பின்வாசலில் லாரன்ஸ் நின்றான். கையில் நியூஸ்பேப்பர் பொட்டலம். உள்ளே உடம்பு மட்டும் தைத்த கருநீலக் கோட்டும், வெட்டிய இரண்டு கையும்.

"வே சாமுவேல், ஒரு உபகாரம். கோட்டுக்குக் கை வச்சுத் தைக்க எனக்கு வராது. பம்பாயில அதுக்குத் தனி ஆளு. நான் அளவெடுக்கிற ஆளு."

உட்காரச் சொல்லி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவ்வளவு இனிப்பாக இருந்தது. கையைக் கொஞ்சம் கோணலாக வைத்துவிட்டால், மோதிரம் போடும் நேரத்தில் மாப்பிள்ளை தோள் காதுவரை ஏறும், லாரன்ஸ் மானம் கப்பலேறும் என்றும் தோன்றியது. அந்த நினைப்போடு கோட்டை விரித்து அளந்தேன். வயிற்று அளவு நான் எடுத்ததைவிட இரண்டு இஞ்சு கூட! அப்போதுதான் புரிந்தது. என் முன்னால் நின்றபோதெல்லாம் அந்தப் பயல் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றிருக்கிறான். இவனிடம் பேசிச் சிரித்து மூச்சை விட்டிருக்கிறான். அதுவரை பட்ட பொறாமையெல்லாம் பொறாமையே இல்லை. சர்டிபிகேட்டை நிமிர்ந்து பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கையைக் கோணலாக வைக்க மனசு எவ்வளவோ சொல்லிப் பார்த்தது, விரல் கேட்கவில்லை. சாயங்காலம் வந்து கோட்டைத் தூக்கி, கை கச்சிதமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்த லாரன்ஸின் முகம் சுருங்கியது. எதிர்க்கடையிலும் வயிறு எரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் சொன்னது: "நாம ரெண்டு பேருமே அரை டெய்லருதான் வே. நல்ல வேளை, ஊருக்குத் தெரியாது."

கல்யாணக் கோட்டு

கல்யாணத்தன்று கோயில் வாசலில் ஞானராஜைச் சுற்றிக் கூட்டம். ஆளாளுக்குத் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள். வயிற்றை யாரும் பார்க்கவே இல்லை. பார்த்தது எல்லாம் கையைத்தான், நான் வைத்த கையை. மாப்பிள்ளை என்னிடம் வந்து முழங்கையை மடக்கி நீட்டி, "பாத்தீங்களா அத்தான், ஒரு சுருக்கம் உண்டா? இதுக்கெல்லாம் பம்பாய்ல பழகியிருக்கணும்" என்றான்.

என்னால் அடக்க முடியவில்லை. எஸ்தரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தக் கை நான் வைத்தது என்று சொன்னேன். சாட்சிக்கு லாரன்ஸைத் தேடினேன். அவனோ கல்யாணப்பெண்ணின் அண்ணனிடம் ஏதோ கேட்டுச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அடுத்த கோட்டு அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. எஸ்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொறாமை இருக்கட்டும், வேண்டாங்கல. அதுக்காகக் கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு இப்படியா பொய் சொல்லுவீங்க?"

பொறாமைக்காரன் என்று ஒரு தடவை பேர் எடுத்துவிட்டால், சொந்தக் கை செய்த வேலையைக்கூட என்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பதை எந்தத் தொழிற்பள்ளியிலும் சொல்லிக் கொடுப்பதில்லை.