உப்பில்லாப் பத்தியம்

ஒருவரைப் பாதிக்கும் உத்தரவைப் போடுமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது விதி. ஓர் ஊழியரின் ஊதிய உயர்வை நிறுத்துவதற்குக்கூட அவரிடம் விளக்கம் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டே நான் ஓய்வு பெற்றேன். என் மாமாவின் சாப்பாட்டிலிருந்து உப்பை நிறுத்தியபோது எங்கள் வீட்டில் அந்த விதி அமலில் இல்லை.

மாமா அம்மாவின் தம்பி. இண்டூரில் எங்களோடுதான் இருந்தார். சில மாதங்கள் தூங்கவே மாட்டார். கடலைக் காட்டை அழித்து ரோஜாத் தோட்டம் போடப்போவதாக ஊரையே எழுப்பிச் சொல்வார். பிறகு சில மாதங்கள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பார். இன்று அதை இருமுனைக் கோளாறு என்கிறார்கள். அன்று ஊரில் அதற்குப் பெயர் கிடையாது. காரணங்கள் மட்டும் ஏராளம்.

பெங்களூர் டாக்டர் லித்தியம் மாத்திரை கொடுத்தார். தினமும் ஒரே நேரத்தில் தூங்கி எழ வேண்டும், காலையில் நடக்க வேண்டும், சாயங்காலத்துக்கு மேல் டீ கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். அப்பா பள்ளித் தலைமையாசிரியர். மணியடிக்காத குறையாக எல்லாவற்றையும் நடத்தினார். மாமா தேறினார். அதோடு விட்டிருக்கலாம்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பெரியப்பா ஒரு வேர்ப்பொடியோடு வந்தார். "மாத்திர அது பாட்டுக்கு இருக்கட்டும். இது நோவ வேரோட புடுங்கிரும். உப்பு மட்டும் ஆகாது."

"டாக்டரு உப்ப கொறைக்கக் கூடாதுன்னு சொன்னாருங்க," என்றார் மாமா. "உப்பு கொறஞ்சா இந்த மாத்திரையே ஒடம்புல வெசமாயிடுமாம்."

பெரியப்பா சிரித்தார். "பைத்தியத்துக்கே எல்லாம் தெரிஞ்சா வைத்தியன் எதுக்கு மாப்ள?"

அப்பா நடுநிலை தவறாதவர். உப்பில்லாப் பத்தியம் இருக்கலாமா என்று கேட்டு டாக்டருக்குக் கார்டு எழுதினார். அதைத் தபாலில் போட்ட கையோடு பத்தியத்தையும் தொடங்கிவிட்டார். கேள்வி போனாலே அனுமதி வந்ததற்குச் சமம் என்று நினைக்கும் அலுவலகங்களைப் பிற்பாடு நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் பார்த்தது எங்கள் வீடுதான்.

கோடை விடுமுறை. அம்மா உப்பில்லாமல் களி கிண்டினாள். கொஞ்ச நாளில் மாமாவின் கை நடுங்க ஆரம்பித்தது. களியைக் குழம்பில் தொட்டு எடுத்தால் வாய்க்குப் போகுமுன் நழுவி விழும். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். வாந்தியும் பேதியும் சேர்ந்துகொண்டன.

"கெட்டது வெளிய போவுது. நல்லதுதான்," என்றார் பெரியப்பா.

நான் தபால்காரருக்காகத் தெருமுனையில் நிற்பேன். அவர் சைக்கிள் நிற்காமல் போனதும் வீட்டுக்குள் ஓடி, மாமாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். அவர் கண்ணைத் திறந்து, நாக்குக் குழற, "கார்டு வந்துச்சா பாப்பா?" என்பார்.

"இல்ல மாமா."

"வரும், வரும்," என்று எனக்கு ஆறுதல் சொல்வார்.

ஒரு காலையில் அவருக்கு அம்மாவையே அடையாளம் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் அப்பா.

"பதிலு வர்றப்ப வரட்டும். அதப் படிக்க எந்தம்பி இருக்க வேணாமா?" என்று அம்மா மாமாவைத் தாங்கிப் பிடித்து தர்மபுரி பஸ்ஸில் ஏற்றினாள். அப்பா மாத்திரை டப்பாவோடு பின்னால் ஓடினார், நானும் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "சாப்பாட்டுல எதையாச்சும் நிறுத்துனீங்களா?"

"உப்பு," என்றாள் அம்மா.

அவர் யாரையும் திட்டவில்லை. மாத்திரையை நிறுத்தி, குளுக்கோஸ் பாட்டில் போல ஒன்றைத் தொங்கவிட்டார். அது வெறும் உப்புத் தண்ணீர் என்று நர்ஸ் சொன்னார். மாமா பிழைத்தார். ரத்தத்தைச் சோதித்து, அளவைக் குறைத்து, மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். கை நடுக்கம் மட்டும் முழுதாகப் போகவில்லை.

அதற்கெல்லாம் பிறகு, ஆடிப் பதினெட்டு அன்றுதான் பதில் வந்தது. அப்பா கூடத்தில் நின்று உரக்கப் படித்தார்: "உப்பைக் குறைக்கக் கூடாது. இதை நோயாளியிடமே தெளிவாகச் சொல்லியிருக்கிறோம். அவரைக் கேட்கவும்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

"கடைசி வரிய இன்னொருக்கா படிங்க," என்றார் மாமா.

அப்பா படித்தார்.

"இன்னொருக்கா."

சாப்பாட்டில்தான் உப்பு வந்துவிட்டதே, இனி அந்த வரி இவருக்கு எதற்கு என்று எனக்கு அன்று விளங்கவில்லை.