அந்த இருபத்திரண்டு யார்டு

2005ஆம் ஆண்டு மே மாதம், ஒரு ஞாயிறு பிற்பகல். பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு சிற்றூரின் விளையாட்டுத் திடல். அங்கே ஒரு சிறிய அமெரிக்கன் ஃபுட்பால் கழகத்துக்கு நான் சம்பளமில்லாத பதிவாளன். விமான நிலையச் சரக்குப் பகுதியில் என்னோடு வேலை செய்த ஜெர்மன்காரர்தான் கழகத்தின் செயலாளர். எதையும் திகதி போட்டு எழுதும் என் பழக்கத்தைப் பார்த்து அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு எறியையும், எறிந்த நேரத்தையும், பந்து கடந்த தூரத்தையும் குறிப்பது என் வேலை.

அந்த ஆண்டு எங்கள் அணிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு குவார்ட்டர்பேக் வந்திருந்தார். அணிக்காகப் பந்தை எறிபவர் அவர்தான். அவர் தடுமாறினால் அணியே தடுமாறும். தன் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பருவங்கள் ஆடியவர். தோள் காயத்தால் இடத்தை இழந்து, தொழில்முறை அணி எதுவும் அழைக்காததால், வீடும் சாப்பாடும் தந்தால் போதும் என்று எங்களிடம் வந்தார். அவர் அங்கே ஆடிய எல்லா ஆட்டங்களையும் இணையத்தில் தேடி, நாள்வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைக் காட்டியபோது, தன் அம்மாவிடம்கூட இவ்வளவு இல்லை என்றார்.

என் மனைவிக்கு இதெல்லாம் வேடிக்கை. "என்ர பிறந்த நாளை நோட்டைப் பாத்துத்தான் சொல்லுவார். இந்தப் பொடியன் எப்ப எறிஞ்சவன் எண்டு கேட்டால் நித்திரையிலயும் சொல்லுவார்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அன்று அவளும் தேநீர் குடுவையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று இரண்டு விஷயங்கள் இருந்தன. தொழில்முறை அணி ஒன்றின் ஆள் ஒருவர் இவரைப் பார்க்க வந்து, மேல் வரிசையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருந்தார். இன்னொன்று எனக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் மட்டும் தெரிந்தது. ஒரே ஆட்டத்தில் எறிந்து கடந்த தூரத்துக்கான கழகத்தின் சாதனையை அவர் நெருங்கிக்கொண்டிருந்தார். பழைய தாள்களைக் கிளறி அந்தச் சாதனையைக் கண்டுபிடித்தவன் நான். ஆட்டத்துக்கு முன் அவரிடம் சொன்னவனும் நான்.

4.05க்கு எதிரணி ஆள் ஒருவர் அவரைத் தூக்கிப் போட்டார். தலை தரையில் மோதியது. தானாகவே எழுந்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் கைதட்டினோம்.

எதிரணியின் முறை வந்ததும் ஓரத்துக்கு வந்தவர் என்னிடம், இன்னும் எத்தனை யார்டு என்று ஆங்கிலத்தில் கேட்டார். முப்பத்தொன்று என்றேன். 4.07. சற்று நடந்துவிட்டு வந்து மறுபடியும் கேட்டார். 4.09. பிறகு 4.12. மூன்றையும் அதே நோட்டில் எழுதினேன். பக்கத்தில், 'மிகுந்த ஆர்வம்' என்றும் எழுதினேன்.

மனைவி நோட்டை எட்டிப் பார்த்தாள். அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர்.

"என்னப்பா, ஒரே கேள்வியை மூண்டு தரம் கேட்டவரோ?"

"ஓம். சாதனையெல்லே. ஆசை."

"நீங்கள் மறுமொழி சொன்னனீங்களோ?"

"மூண்டு தரமும் சொன்னன்."

"அப்ப ஏன் திரும்பக் கேக்கிறார்? எங்கட இல்லத்தில விழுந்தெழும்பின ஆள் இப்பிடிக் கேட்டால் நாங்கள் டொக்டரைக் கூப்பிடாமல் விடமாட்டம். போய்ச் சொல்லுங்கோ."

சொன்னால் அவரை வெளியே எடுத்துவிடுவார்கள். மேல் வரிசையில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். இப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் கண் முப்பத்தொன்று என்ற எண்ணில் இருந்தது.

"ஒரு எறி பாப்பம்" என்றேன்.

"எழுதத் தெரியுது, சொல்லத் தெரியேல்லையோ?" என்றாள்.

அதற்குள் அவர் களத்துக்குப் போய்விட்டார். எறிந்தார். இருபத்திரண்டு யார்டு. இன்னும் ஒன்பதுதான். எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அவர் மெதுவாக நடந்து, எதிரணி ஆட்கள் கூடி நின்ற இடத்தில் போய் நின்றார். அவர் விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள்.

நோட்டோடு கழக மருத்துவரிடம் ஓடினேன். உன் வேலை உட்கார்ந்து எழுதுவது என்று பயிற்சியாளர் கத்தினார். மருத்துவர் மூன்று நேரங்களையும் பார்த்தார். குவார்ட்டர்பேக்கை வரவழைத்து, இது எந்த ஊர் என்று கேட்டார். அவர் தயங்காமல் தன் பல்கலைக்கழகம் இருந்த ஊரின் பெயரைச் சொன்னார். மருத்துவர் தலைக்கவசத்தை வாங்கித் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அம்புலன்ஸில் ஏற்றும்போதும் என் கையைப் பிடித்து, இன்னும் எத்தனை என்று கேட்டார். எண்ணைத் தவறாகச் சொல்லியறியாத நான், ஒன்றுமில்லை, எல்லாம் கடந்துவிட்டீர்கள் என்றேன். சிரித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

மருத்துவமனை நடைபாதையில் நானும் மனைவியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். அங்கே மட்டும் நான் நேரம் குறிக்கவில்லை. மண்டைக்குள் சிறிய இரத்தக் கசிவு; இன்னொரு அடி விழுந்திருந்தால் பேச்சே வேறு என்றார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இனி ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஊர் திரும்புவதற்கு முன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நான் உண்மையைச் சொன்னேன்: ஒன்பது குறைந்ததையும், தெரிந்தும் ஒரு எறிக்காகக் காத்திருந்ததையும். வெகுநேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை வாங்கி, பல்கலைக்கழகப் பக்கங்களுக்கும் எங்கள் கழகப் பக்கங்களுக்கும் கீழே, கணக்கை முடிப்பதுபோல் கோடிழுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமையின் திகதியைத் தன் கையால் எழுதினார். பிரதி எடுத்து அம்மாவுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. அவருடைய கடைசி எறி என்று அதில் நிற்கும் அந்த இருபத்திரண்டு யார்டு அவருடையது அல்ல, வாயைத் திறக்காமல் நான் உட்கார்ந்திருந்த நேரத்தின் அளவு என்பது, அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிகிறது.