மீசைக்காரரின் நனைந்த சட்டை

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் இருநூறு பெண்களை மேய்த்து வந்த சூப்பர்வைசருக்கு ‘மீசை’ என்றே பெயர். முகத்தின் மற்ற உறுப்புகளெல்லாம் மீசைக்குத் துணையாக வந்தவைதான். அவர் கையில் மைக், கூரையில் ஒலிபெருக்கி. “மூணாவது லைன், காலர் கோணுது!” என்று உறுமினால் நானூறு காதும் கேட்கும், பதறி நிமிர்வது மூன்றாவது லைன் மட்டும்தான்.

அந்த லைனில் காலர் தைப்பவளுக்குக் கைக்குழந்தை. பக்கத்துக் கட்டிடத்துக் காப்பகத்தில் விட்டிருந்தாள். மதியம் பால் கொடுத்துவர அரை மணி கேட்டாள்.

“கட்டிக்கிட்டு வலிக்குது சார். துணியெல்லாம் நனைஞ்சு மானம் போகுது.”

“எல்லாம் மனசுதாம்மா. மனசு வச்சா அடங்கும். நான் வயித்து வலியோட நிக்கலையா?” என்றார் மீசை, மைக்கை அணைக்காமலே.

வயிற்று வலி பொய்யில்லை. குமட்டலுக்கென்று மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கிய மாத்திரையை மூன்று வேளையும் மாதக்கணக்கில் மிட்டாய் போல விழுங்கி வந்தார்.

ஒருநாள் காலை குளித்துவிட்டுத் துவட்டும்போது, மார்பில் வெள்ளையாய் ஒரு சொட்டு. சோப்பு என்று துடைத்தார். அழுத்தித் துடைத்தார். இன்னொரு சொட்டு வந்தது. மீசை போட்ட அலறலில் மனைவி ஓடி வந்தாள். இரண்டு பெற்றவள், பார்த்ததுமே புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏங்க, இது...”

“சொல்லாதே! அந்த வார்த்தையைச் சொல்லாதே!”

ரத்தப் பரிசோதனைத் தாளோடு டாக்டரம்மா முன் உட்கார்ந்தபோது, மீசை பாதி இளைத்திருந்தது.

“மூளைக்கு அடியில பட்டாணி அளவுல பிட்யூட்டரினு ஒரு சுரப்பி இருக்கு. பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் அங்கிருந்து ரத்தத்துல கலக்குது. டோபமின்னு இன்னொன்னு அதை அடக்கி வச்சிருக்கும். உங்க மாத்திரை அந்த டோபமினோட கையைக் கட்டிப் போட்டுடுச்சு.”

“டாக்டர், நான் ஆம்பளை!”

“இந்தச் சுரப்பி ஆம்பளைக்கும் உண்டு. ரத்தம் உடம்பு பூரா ஓடும்; அந்தச் செய்தி எந்த இடத்துக்கோ அந்த இடம்தான் எழுந்து வேலை பார்க்கும்.”

ஒலிபெருக்கி! மீசைக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் உடம்புக்குள்ளேயே ஒரு சூப்பர்வைசர், அதுவும் பட்டாணி அளவில்!

“மனசு வச்சு... அடக்கிக்க முடியாதா?”

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “மனசையா கேட்டுச் சுரக்குது? மாத்திரையை நிறுத்துங்க, படிப்படியா வத்திடும். வத்தலைன்னா தலையில ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்.”

மறுநாள் மதியம் வெள்ளைச் சட்டையில் கம்பீரமாக நின்று மைக்கைத் தூக்கினார். காலர்க்காரியின் மிஷின் நின்றது. அவள் பார்வை போன இடத்தைக் குனிந்து பார்த்தார். மார்பில் சட்டைப் பொத்தான் அளவு ஈரம். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானூறு காது, இருநூறு வாய். இருபது வருட மீசை அன்றோடு சரி.

அவள் எழுந்து பக்கத்தில் வந்தாள்.

“சார், மைக்கை அணைங்க.”

வாழ்க்கையில் முதல்முறையாக அணைத்தார்.

“கைக்குட்டையை மடிச்சு உள்ள வச்சுக்குங்க. வெள்ளை போடாதீங்க. பூப்போட்டதுன்னா ஈரம் தெரியாது.”

“நீ... யார்கிட்டயும்...”

“நான் எதுக்கு சார் சொல்றேன்? மனசு வச்சா அடங்கிடும்.”

முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. அதுதான் மீசையை உலுக்கியது. மைக்கை மறுபடி ஆன் செய்தார்.

“கைக்குழந்தைக்காரங்க... மதியம் அரை மணி... போயிட்டு வாங்கம்மா.”

இருநூறு மிஷின்களும் நின்றன. யாரும் எழவில்லை, ஒலிபெருக்கிக்குத்தான் ஏதோ கோளாறு என்று அண்ணாந்து பார்த்தார்கள். காலர்க்காரி மட்டும் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.