துண்டின் மேல் தூங்கிய ரிசீவர்

பேச்சை ஆரம்பிக்க எல்லாருக்கும் தெரிகிறது. முடிக்கத்தான் ஆள் கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில், குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் ஆபரேட்டர் பெண்ணாக டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்து நான் சம்பாதித்த ஞானம் இவ்வளவுதான்.

அறைக்கு அறை போன் உண்டு என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தார்கள். வெளியே பேச இருந்த லைனோ ஒன்றே ஒன்று. கேட்கிற அறைக்கு அந்த லைனை ஒயர் சொருகிக் கொடுப்பேன். பேசி முடித்து ரிசீவரை வைத்தால் போர்டில் விளக்கு எரியும், ஒயரைப் பிடுங்குவேன். வைக்காவிட்டால் லைன் அப்படியே கிடக்கும். வெளியிலிருந்து யார் அடித்தாலும் எங்கேஜ்டு. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. படித்தவர்களுக்கும் புரியவில்லை என்பது வேறு விஷயம். சீசனுக்கு வந்த ஒரு வக்கீல், ஊரில் இருக்கும் மனைவிக்கு அருவிச் சத்தம் கேட்கட்டும் என்று ரிசீவரை ஜன்னலில் வைத்துவிட்டு, தான் குளிக்கப் போய்விட்டார். என்ன பாசம்!

நானாக ஒயரைப் பிடுங்கக் கூடாது என்பது முதலாளி அண்ணாச்சியின் கட்டளை. "பெரிய மனுசங்க பேசுத எடம். நடுவுல அத்துவிட்டா அடுத்த சீசனுக்கு எவன்ட்டி வருவான்?"

அந்த வருஷச் சாரல் சீசனில் அவர் மகளைத் தலைப்பிரசவத்துக்குத் தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வடக்கே பட்டாளத்தில் இருந்தார். ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அந்தப் பெண்ணுக்கு நடுக்கம். உள்ளே கொண்டுபோகும்போது அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அழுதிருக்கிறாள். "போன் வந்த நிமிசம் கார எடுத்துட்டு வந்துருதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு அண்ணாச்சி லாட்ஜுக்கு வந்தார். அவர் இல்லாவிட்டால் அருவியில் தண்ணீர் விழாதல்லவா!

வந்ததும் என் போர்டுக்கு எதிரே இருந்த தன் அறையிலிருந்து, பக்கத்து ஊரான இலஞ்சியிலிருந்த மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டார். மகளைச் சேர்த்த தகவலைச் சொல்லியாயிற்று. சிக்கல் அதற்கப்புறம்தான். பெண்ணைக் கொடுத்தவர் முதலில் போனை வைப்பதா? "நீங்க வைங்க சம்பந்தி" என்றார். "இல்லல்ல, நீங்க வைங்க" என்று அந்தப் பக்கம். சம்பந்தியும் லேசுப்பட்டவர் இல்லை. கடைசியில் அண்ணாச்சி தன் தோள் துண்டை மடித்து மேஜையில் போட்டு, சத்தம் கேட்காமல் ரிசீவரை அதன் மேல் படுக்க வைத்துவிட்டு, ரூம் கேட்டு வந்தவர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் போர்டில் காது வைத்துக் கேட்டேன். இலஞ்சியிலிருந்து ஒரு பசுமாடு கத்தியது. அங்கேயும் துண்டு விரித்தாகிவிட்டது போல.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வந்தார். "ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சாட்டி?"

"எப்படி வரும் அண்ணாச்சி? லைன் ஃப்ரீயா இல்ல."

"இந்நேரம் பாத்து எந்தப் பய புடிச்சு வச்சிருக்கான்?"

"நீங்கதான். புடுங்கிரட்டுமா?"

"ஏட்டி, அதத் தொடாத! அவரு வைக்காம நான் எப்படி வைக்க?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் போர்டையே பெயர்த்திருப்பேன். அவர் போர்டு, அவர் மகள், அவர் மரியாதை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் அண்ணாச்சியின் மனைவி. "பேத்தி பொறந்திருக்கா. ஆபரேசன்தான். போன் போட்டுப் போட்டு என் வெரலு தேஞ்சுபோச்சு, எப்பப் பாத்தாலும் எங்கேஜ்டு" என்றபடி நேரே அவருடைய அறைக்குள் போனார். துண்டின் மேல் கிடந்த ரிசீவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடுத்து டொக்கென்று வைத்தார்.

அண்ணாச்சி பதறிவிட்டார். தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கப் போகிறார் என நினைத்தேன். "என்ன இப்படிப் பொசுக்குன்னு வச்சுட்ட? சம்பந்தி என்ன நெனைப்பாரு?" என்றார்.

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை.

"உள்ள கொண்டு போற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. அப்பா வந்துட்டாங்களா, அப்பா வந்துட்டாங்களான்னு நர்சுகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தா. பொறவு கேக்கதையே விட்டுட்டா" என்றார்.