நூற்று அறுபத்தெட்டாம் பக்கத்தில் நின்றவள்

முழுதாகப் படிக்காத ஒரு நாவலின் முடிவை நான் புகழ்ந்து எழுதியிருக்கிறேன். மதிப்புரை எழுதுகிற பலரும் செய்வதுதானே என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நான் நூலகன். புத்தகம் வந்தால் பதிவேட்டில் ஏற்றுமுன் எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன்.

வேலூரிலிருந்து திருப்பதிக்கு வந்து ஆறு வருடம். ஒரு தனியார் கல்லூரி நூலகம். சனிக்கிழமை மாலை சித்தூர் வழியாக ஊருக்கு பஸ், திங்கள் விடியலில் திரும்பி வர இன்னொன்று. கடல் தாண்டாதவனுக்குப் புலம்பெயர்ந்தவன் என்ற பட்டம் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் இங்கே நான் 'அரவ சார்', அதாவது தமிழ்க்கார சார். வேலூர்த் தெருவிலோ 'திருப்பதிக்காரர்', லட்டு எங்கே என்கிறார்கள். வேலூரில் நான் இருந்த நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் வாசல் முதல் கடைசிச் சுவர்வரை நிற்கும். யாரும் எடுக்க மாட்டார்கள். இங்கே 'இதர மொழிகள்' என்ற ஒற்றை அலமாரியில், கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன. இங்கும் யாரும் எடுப்பதில்லை. ஆனால் இங்கே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த வருத்தத்தில்தான் சென்னைச் சிற்றிதழ் ஒன்றுக்கு மதிப்புரை எழுத ஆரம்பித்தேன். கல்லூரியின் வருடாந்தரப் படிவத்தில் 'தொழில்சார் பணிகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இவற்றைப் போட்டேன். பிரின்சிபால் கூப்பிட்டு விசாரித்தார். எனக்குத் தெரிந்த தெலுங்கில் விளக்கினேன். நம் புத்தகங்களில் இவ்வளவு குறை இருக்கிறதென்றால் வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டார்.

முனிரத்தினம் என்பவர் தம் நாவலை நூலகத்துக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். நகரிப் பக்கத்துத் தமிழர், சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். திருத்தணிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட நகரிப் பெண் ஒருத்தி, புருஷன் வீட்டை விட்டு டிரங்குப் பெட்டியோடு வெளியேறி மாநில எல்லையில் சாலையோரம் நிற்கிறாள். அங்கே கதை முடிகிறது. எந்தப் பக்கமும் போகாமல் அவளை நிற்கவைத்த துணிச்சலை ஒரு பக்கம் வியந்து எழுதினேன். என்னையே பார்த்ததுபோல் இருந்தது என்பதும் ஒரு காரணம். நூலகப் பழக்கதோஷத்தில் ஸ்கேல் வைத்துப் புத்தகத்தின் உயரம் அளந்து, கடைசிப் பக்க எண்ணைப் பார்த்து, மதிப்புரைத் தலைப்பிலேயே போட்டேன்: 168 பக்கம், 21 சென்டிமீட்டர்.

இதழ் வந்த மறுவாரம் அவரே வந்துவிட்டார். இதழைப் பிரித்து என் மேஜையில் வைத்து அந்த 168-இன் மேல் விரலை வைத்தார்.

"சார், நூத்தி எம்பத்தி நாலு பக்கம்."

அவர் பிரதியையும் நூலகப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கடைசிப் பதினாறு பக்கத்தை என் பிரதியில் பைண்டர் சேர்க்கவே இல்லை. அந்தப் பக்கங்களில் அவள் நகரிக்கு பஸ் ஏறுகிறாள். பிறந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். தம்பி திறக்கிறான்.

"அது எங்க அக்கா சார். கதவத் தொறந்தவன் நானு. அத்தச் சொல்றதுக்குத்தான் மத்த பக்கமெல்லாம் எழுதனேன். முடிவே இல்லாத எடத்தப் போயி நல்லாகீதுன்னு எழுதிட்டீங்களே."

கோபம் இல்லாமல்தான் சொன்னார். இந்தப் புத்தகத்துக்கு வந்த ஒரே மதிப்புரை இதுதான், இனி ஒன்று வரப்போவதும் இல்லை என்றார். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பதினாறு பக்கத்தையும் அவர் எதிரிலேயே படித்தேன். டீ கொண்டுவந்த அட்டெண்டர் சுஜாதம்மா நிலவரத்தைப் பார்த்துவிட்டு, "மொத்தம் சதவலேதா சார்?" என்றார். முழுசாகப் படிக்கவில்லையா என்று. தெலுங்கு புரியாததுபோல் இருந்துகொண்டேன்.

பழியை பைண்டர்மேல் போட்டு மூன்று வரித் திருத்தம் எழுதிவிடலாம், படிவத்துக்கும் ஆபத்தில்லை. ஆனால் கதவைத் திறக்கும் தம்பி பெட்டியை வாங்குமுன் 'சாப்பிட்டியா' என்று கேட்கிற இடத்தைப் படித்த பிறகு அது முடியவில்லை. புதிதாக முழு மதிப்புரையே எழுதினேன். முதல் வரி இந்தக் கட்டுரையின் முதல் வரிதான். போட்டார்கள்.

அவர் தம் பிரதியையும் விட்டுப்போனதால் இப்போது இரண்டும் 'இதர மொழிகளில்' ஒட்டி நிற்கின்றன. ஒன்றில் அவள் ரோட்டில் நிற்கிறாள். மற்றதில் வீடு சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பையில் எதை வைப்பது என்று கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

போன வாரம் முனிரத்தினம் போன் செய்தார். ரொம்பச் சந்தோஷம் என்றார். இரண்டு மதிப்புரையையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினாராம். எழுதியது ஒரே ஆள் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாதாம். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"மொதல்ல எழுதனவருதான் வெவரமான ஆளுன்னுச்சு சார். அங்கியே நின்னுகினு இருந்திருந்தா வேற பஸ்ஸு எதுனா வந்திருக்கும்ன்னுது."