உட்கார்ந்திருக்கிற வேலை

அமிர்தலிங்கத்துக்கு ஆலையில் ஒரு பட்டப்பெயர் உண்டு: எலும்புத் தரகர். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற தரகர் மாதிரி, அடிபட்டுத் திரும்புகிறவர்களுக்கு அவர் வேலை தேடினார். அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாத சாலையில் இருந்த அந்தச் சிமெண்ட் ஆலையின், வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் அவருக்கு மேசை. திருமானூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியதும் மேசைக்குப் போகமாட்டார். ஆலையை ஒரு சுற்றுச் சுற்றுவார். கை ஒடிந்தவனுக்குக் கேட்டில் டோக்கன் கொடுக்கிற வேலை, கால் ஒடிந்தவனுக்குக் கிழிந்த சாக்கைத் தைக்கிற மூலை என்று அவர் கண்ணுக்கு மட்டும் இடங்கள் தட்டுப்படும். லைட் டூட்டி என்று அதற்குப் பெயர்.

அடிபட்டவன் மறுநாளே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் அது விபத்துக் கணக்கில் ஏறாது. வாசல் பலகையில் விபத்தில்லாத நாட்கள் வளர்ந்துகொண்டே போகும். வீட்டில் கிடந்தால் ஒப்பந்தக் கூலிக்காரனுக்குச் சம்பளம் கிடையாது. இரண்டும் அமிர்தலிங்கத்துக்குத் தெரியும். இரண்டாவதை நினைத்துக்கொண்டால் தூக்கம் வரும்.

அந்த ஐப்பசியில் இடங்கள் நிரம்பத் தொடங்கின. டோக்கன் கொடுக்க ஆள் இருந்தான். சாக்கு தைக்க மூன்று பேர். முதலுதவி அறை வாசலில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் காயக்கட்டை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பேரை ஒரே சமயத்தில் அவர் பார்த்ததில்லை.

அப்போதுதான் மூட்டை கட்டுகிற பிரிவிலிருந்து அரியமுத்து வந்தான். முந்தின நாள் இடது கையில் இரண்டு விரல் நசுங்கியிருந்தது. கட்டு மணிக்கட்டு வரை ஏறியிருந்தது.

"அண்ணே, எங்கயாச்சும் ஒக்கார வைங்க. வூட்டுல இருந்தா அடுப்பு எரியாது."

"ரெண்டு நாளு பொறுடா. எடமே இல்ல."

"ஆலையே ஒங்க கையில இருக்கு, எடம் இல்லங்கறீங்க."

மேனேஜர் பரணிதரன் போனில் கூப்பிட்டார். "என்னங்க அமிர்தலிங்கம், பெல்ட்டுக்குக் கீழ ஒரு வாட்ச்மேன் சேர் சும்மாதானே கெடக்கு? அங்க போடுங்க. சும்மா ஒக்காந்து பாக்குற வேலை."

கல் ஏற்றிப் போகும் பெல்ட் அது. ஓடும்போது விலகுகிறதா என்று ஒருவர் கவனிக்கவேண்டும். விலகினால் பக்கவாட்டில் ஓடுகிற கயிற்றை இழுத்து நிறுத்தவேண்டும். வலது கை போதும். அமிர்தலிங்கம் அந்த இடத்தை அறிவார். நிழல் உண்டு, சத்தமும் உண்டு. என்றாலும் தன் காலைச் சுற்றில் அங்கே நின்றதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏன் என்று யோசிக்க நேரமில்லை. அரியமுத்துவை அழைத்துப்போய் உட்காரவைத்தார்.

"எந்திரிக்கக் கூடாது. கயிறு, பெல்ட்டு, இது ரெண்டுதான். புரியுதா?"

"சரிங்கண்ணே."

காலை கழிந்தது. தேநீர் நேரத்தில் லோடுமேன்கள் அந்த வழியாக வந்தார்கள்.

"பாருடா மாப்ளய! மாமியா வூட்டுல ஒக்காந்தாப்ல ஒக்காந்திருக்கான்."

"தலவாணி ஒண்ணு கொண்டாரட்டா ராசா?"

"ரெண்டு வெரலு குடுத்தா நாக்காலி. மிச்சத்தையும் குடுத்தா கட்டிலே தருவாங்க போல."

எல்லாரும் சிரித்தார்கள். அரியமுத்துவும் சிரித்தான். தூரத்தில் நின்றிருந்த அமிர்தலிங்கத்துக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. லைட் டூட்டியில் இருப்பவர்களைக் கெடுப்பது காயம் அல்ல, இந்தச் சிரிப்புதான். உட்கார்ந்து கூலி வாங்கினோம் என்ற பேச்சை இந்த ஊர்க்காரன் தாங்கமாட்டான். முதுகு பிடித்தவன் மூட்டையைத் தூக்குவான். கால் ஒடிந்தவன் ஏணியில் ஏறுவான். சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. பொட்டலத்தை மூடிவிட்டு பெல்ட் பக்கம் போனார்.

நாற்காலி காலியாக இருந்தது.

பெல்ட்டைத் தாங்கிச் சுழலும் கடைசி ரோலருக்கு அருகே அரியமுத்து குனிந்து நின்றான். கீழே சிந்தியிருந்த கல்லை, மண்வெட்டிக் காம்பை அக்குளில் இடுக்கி, ஒற்றைக் கையால் வாரிக்கொண்டிருந்தான். வியர்வையில் கட்டு தளர்ந்திருந்தது. அதன் வெள்ளை நுனி அவிழ்ந்து, அவன் அசையும்போதெல்லாம் ரோலர் பக்கம் போய் வந்தது.

கூப்பிட வாயெடுத்தார். கூப்பிட்டால் திரும்புவான். திரும்பினால் கை அந்தப் பக்கம் வீசும். வாயை மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தார்.

பெல்ட் நின்றது. அத்தனை வருடச் சத்தத்துக்குப் பிறகு அந்த அமைதியில் காது வலித்தது.

"ஏண்ணே நிறுத்துனீங்க? நல்லாத்தானே ஓடுது?"

"கையப் பாருடா."

கட்டின் நுனி ரோலர்மேல் படிந்து கிடந்தது. அரியமுத்து மெதுவாக அதை இழுத்துக்கொண்டான். முகம் சிமெண்ட் நிறத்துக்குப் போயிருந்தது.

"சும்மா ஒக்காந்திருக்க ஒரு மாதிரி இருந்துச்சிண்ணே" என்றான், தப்புச் செய்த பிள்ளை மாதிரி.

அவனைக் கேட்டுவரை கூட்டிப்போய், உடையார்பாளையம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். "கை ஆறாம இந்தப் பக்கம் வராத. நான் பாத்துக்கறேன்" என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்பது அவருக்கே தெரியவில்லை.

திரும்பி நடக்கும்போதே சைரன் கேட்டது. பெல்ட்டை மறுபடி ஓட்டப்போகிறார்கள். நடையை எட்டிப் போட்டு வந்து சேர்வதற்குள் பெல்ட் ஓடத் தொடங்கியிருந்தது.

நாற்காலியில் கலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். தரை கூட்டுகிறவள். முழங்கால் வீங்கி, போன வாரத்திலிருந்து அவரிடம் இடம் கேட்டுக்கொண்டிருந்தவள்.

"எந்திரிம்மா."

"மேனேஜரு சாருதான் ஒக்காரச் சொன்னாரு. சும்மா ஒக்காந்திருக்கற வேலயாமே."

"இங்க வேணாம். எந்திரி."

"ஏன் சார், ஊருக்கெல்லாம் எடம் தேடிக் குடுத்தீங்க, எனக்கு மட்டும் கசக்குதா?" அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பேத்திக்குப் பீசு கட்டணும். நான் எந்திரிக்க மாட்டேன்."

பேசிக்கொண்டே அவள் பார்வை கீழே போனது. புதிதாகச் சிந்திய கல், அதன்மேல் கிடந்த மண்வெட்டி. வாழ்நாளெல்லாம் தரையைப் பார்த்தே பழகிய கண் அது. முந்தானை காற்றில் ரோலர் பக்கம் பறந்தது.

"இதக் கூட வார ஆளில்லயா இங்க?" என்று வீங்கிய காலை ஊன்றி எழப்போனாள்.

அமிர்தலிங்கம் எட்டிக் கயிற்றை இழுத்தார். பெல்ட் இரண்டாம் முறை நின்றது. சட்டைப் பையில் போன் அடிக்கத் தொடங்கியது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. மேலே இரும்புப் படிகளில் யாரோ வேகமாக இறங்கிவரும் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவர் கயிற்றை விடவில்லை.